ஞானப்பல்லும் சிரிப்பு வாயுவும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பட்டியலில் ஞானப்பல் வலியையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். பதினேழு வயதுக்கு மேல், கல்லூரியில் கால் வைக்கும் காலத்தில், கடைவாயின் கோடியில் ஈறு வீங்கும். வாயை முழுசாகத் திறக்க முடியாது. சோற்றை ஒரு பக்கமாகவே மெல்ல வேண்டியிருக்கும். பல் மருத்துவரிடம் போனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஞானப்பல் படுத்திருக்கிறது, எடுத்துவிடலாம்" என்பார்.

இன்று அது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலை. ஊசி போட்டால் தாடை மரத்துவிடும். பல் வெளியே வந்துவிடும். மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் சிலர் தங்கள் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கினார்கள், அதில் சிலர் வாழ்க்கையையே இழந்தார்கள். இன்னொரு வேடிக்கை, வலியில்லாத அறுவை சிகிச்சையின் கதையில் ஞானப்பல் ஒரு முறை அல்ல, இரண்டு முறை வருகிறது!

பெயர் வந்த விதம்

மனிதனுக்கு மொத்தம் 32 பற்கள். அதில் கடைசியாக முளைக்கும் நான்கு கடைவாய்ப் பற்கள்தான் ஞானப்பற்கள். பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். புத்தி தெளியும் வயதில் வருவதால் இந்தப் பெயர். லத்தீன், அரபு மொழிகளிலும் இதே பொருளில்தான் பெயர் இருக்கிறது. துருக்கியர்கள் இருபது வயதுப் பல் என்கிறார்கள். ஜப்பானியர்கள் வைத்த பெயருக்குப் பெற்றோர் அறியாதது என்று பொருள். பிள்ளை வளர்ந்து தனியாகப் போன பிறகு முளைக்கும் பல் அல்லவா! கொரிய மொழியில் இன்னும் ஒரு படி மேலே போய் காதல் பல் என்றே சொல்லிவிட்டார்கள்.

சிலருக்கு நான்கும் ஒழுங்காக முளைக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு முளைக்கவே முளைக்காது. பலருக்கு இடம் போதாமல், முன்னால் இருக்கும் பல்லின் மீது சாய்ந்தோ படுத்தோ எலும்புக்குள் சிக்கிக்கொள்ளும். வேகவைத்த மென்மையான உணவுக்குப் பழகிய மனிதனின் தாடை, பச்சையாகக் கடித்து மென்ற முன்னோர்களின் தாடையைவிடச் சிறியது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம்.

பல் வலியால் உயிர் போன காலம்

பாதி முளைத்த ஞானப்பல்லின் மேல் ஈறு ஒரு மூடி போல இருக்கும். அதற்கு அடியில் உணவுத் துணுக்கு சேர்ந்து, கிருமி வளர்ந்து, சீழ் பிடிக்கும். கீழ்த்தாடையின் கடைசிப் பற்களில் பிடித்த சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கினால் மூச்சுக்குழாயையே அடைத்துவிடும். 1836-ல் ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் என்ற மருத்துவர் இந்தக் கழுத்து வீக்கத்தை விவரித்து எழுதினார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஆன்டிபயாடிக் மருந்துகள் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

அப்படியானால் பல்லை எடுத்துவிடலாமே என்றால், அதுவும் சாமானிய விஷயம் இல்லை. ஐரோப்பாவில் நீண்ட காலம் சந்தைகளில் பல் பிடுங்குபவர்கள் தனித் தொழிலாகவே இருந்தார்கள். மரத்துப்போக மருந்து கிடையாது. பல்லைக் கொக்கி போட்டுத் திருகி எடுக்கும் சாவி போன்ற ஒரு கருவி 18-ம் நூற்றாண்டில் பரவலாகப் புழங்கியது. பல்லோடு தாடை எலும்பும் பெயர்ந்து வந்த சம்பவங்கள் உண்டு. அதனால் வலியைப் பொறுத்துக்கொள்வதா, பிடுங்கும் வேதனையைப் பொறுத்துக்கொள்வதா என்பதுதான் மக்கள் முன் இருந்த கேள்வி.

முதல் பல்: டேவி

1799-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தாமஸ் பெடோஸ் என்ற மருத்துவர், வாயுக்களைக் கொண்டு நோய்களைக் குணப்படுத்த முடியுமா என்று ஆராய ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கே வேலைக்குச் சேர்ந்த இளைஞர்தான் ஹம்ப்ரி டேவி. பிற்காலத்தில் சோடியம், பொட்டாசியம் போன்ற தனிமங்களைப் பிரித்தெடுத்த அதே டேவி. அப்போது அவருக்கு வயது 20.

நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை டேவி தானே சுவாசித்துப் பார்த்தார். தலை லேசாகி, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. சிரிப்பு வாயு என்ற பெயர் இதனால்தான். அந்தச் சமயத்தில் அவருக்கு ஞானப்பல் முளைத்து, ஈறு வீங்கி, தூக்கமே இல்லாமல் தவித்தார். வாயுவைச் சுவாசித்தபோது வலி போய்விட்டது. வாயுவின் வேகம் இறங்கியதும் வலி திரும்ப வந்தது.

1800-ல் அவர் வெளியிட்ட ஆய்வு நூலில் இதை எழுதியதோடு, இந்த வாயு உடல் வலியை அகற்றுவதால் அதிக ரத்தம் போகாத அறுவை சிகிச்சைகளில் பயன்படலாம் என்றும் குறிப்பிட்டார். ஒரே ஒரு வாக்கியம். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை! டேவியும் வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். சிரிப்பு வாயு விருந்துகளிலும் பொருட்காட்சிகளிலும் வேடிக்கைப் பொருளானது. மருத்துவமனைகளிலோ நோயாளிகளைக் கட்டிப்போட்டு அறுப்பது மேலும் 40 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது.

இரண்டாவது பல்: வெல்ஸ்

1844 டிசம்பர் 10. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கார்ட்னர் கோல்டன் என்பவர் காசு வாங்கிக்கொண்டு சிரிப்பு வாயு வேடிக்கை காட்டினார். பார்க்க வந்தவர்களில் ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவரும் ஒருவர். வாயுவைச் சுவாசித்த ஒரு இளைஞர் ஆடிக் குதித்ததில் காலில் நல்ல அடி. ரத்தம் வழிந்தது. ஆனால் அவருக்கு அடி பட்டதே தெரியவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருக்க, வெல்ஸ் மட்டும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே கோல்டனைத் தன் மருத்துவ அறைக்கு வரவழைத்தார். சோதனைக்கு வேறு யாரையும் தேடவில்லை. தனக்கே தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஞானப்பல் இருந்தது. கோல்டன் வாயுவைக் கொடுக்க, ஜான் ரிக்ஸ் என்ற சக மருத்துவர் பல்லைப் பிடுங்கினார். வெல்ஸ் சுவாசித்த அளவு மேடை வேடிக்கையில் கொடுப்பதைவிட அதிகம். அவர் மறுபடி கண் விழிப்பாரா என்பது அறையில் இருந்த யாருக்கும் தெரியாது. விழித்தார். வலி தெரியவே இல்லை என்றார்.

அடுத்த சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு வெல்ஸ் இப்படியே பல் எடுத்தார். இதற்குக் காப்புரிமை வாங்க அவர் முயலவில்லை. இது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதே அவர் நிலை.

பாஸ்டனில் ஒரு கத்தல்

1845 ஜனவரியில் வெல்ஸ் பாஸ்டன் போனார். புகழ்பெற்ற அறுவை நிபுணர் ஜான் காலின்ஸ் வாரனின் மாணவர்கள் முன்னால் செய்து காட்ட வாய்ப்புக் கிடைத்தது. ஒரு மாணவர் பல் எடுத்துக்கொள்ள முன்வந்தார். ஆனால் வாயுப் பையைச் சற்று முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். பல்லைப் பிடுங்கும்போது மாணவர் கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் இது பித்தலாட்டம் என்று கேலி செய்தார்கள். அதிகம் வலிக்கவில்லை என்று அந்த மாணவர் பிறகு சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. வெல்ஸ் மனம் உடைந்து ஊர் திரும்பினார்.

அவருடைய முன்னாள் மாணவரும் கூட்டாளியுமான வில்லியம் மார்ட்டன் விடவில்லை. வாயுவுக்குப் பதில் ஈதரை எடுத்துக்கொண்டார். 1846 செப்டம்பர் 30 அன்று ஈதர் கொடுத்து ஒருவருக்கு வலியில்லாமல் பல் எடுத்தார். அக்டோபர் 16 அன்று பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அவர் ஈதர் கொடுக்க, வாரன் ஒரு நோயாளியின் கழுத்துக் கட்டியை அகற்றினார். நோயாளி அலறவில்லை. இது பித்தலாட்டம் இல்லை என்று வாரனே அறிவித்ததாகச் சொல்வார்கள். செய்தி சில மாதங்களில் உலகமெங்கும் பரவியது.

அதற்குப் பிறகு நடந்தது சண்டை. மார்ட்டன் காப்புரிமை எடுத்தார். யோசனை தன்னுடையது என்றார் வேதியியலாளர் சார்லஸ் ஜாக்சன். வெல்ஸ் தன் உரிமையைக் கோரினார். இதற்கிடையில் ஜார்ஜியாவில் கிராஃபோர்ட் லாங் என்ற மருத்துவர் 1842-லேயே ஈதர் கொடுத்து அறுவை செய்திருந்தார். அதை 1849 வரை வெளியிடாததால் பெயர் கிடைக்கவில்லை.

வெல்ஸின் முடிவு மிகவும் பரிதாபமானது. 1848-ல் நியூயார்க்கில் தனியாகத் தங்கி, புதிதாக வந்திருந்த குளோரோஃபார்மைத் தானே சுவாசித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். நாளடைவில் புத்தி தடுமாறியது. ஜனவரி 21, அவருடைய 33-வது பிறந்தநாள். அன்று தெருவில் போன பெண்கள் மீது அமிலத்தை வீசிக் கைதானார். தெளிந்த பிறகு, தான் செய்ததைத் தாங்க முடியாமல் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். வலியற்ற சிகிச்சையைக் கண்டறிந்தவர் என்று பாரிஸ் மருத்துவச் சங்கம் அவரைப் பாராட்டிய செய்தி வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 1864-ல் அவரை அங்கீகரித்தது.

சிரிப்பு வாயுவை மீண்டும் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா? வேடிக்கை காட்டிய அதே கோல்டன்தான், 1863-ல்!

தாடையை மட்டும் மரக்கச் செய்வது

ஒரு பல்லுக்காக ஆளையே மயக்குவது அதிகப்படி. 1884-ல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர், கோகெய்ன் கரைசல் கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் கண்டுபிடித்தார். உடனே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணர் அதை ஊசி வழியே நரம்புக்குப் பக்கத்தில் செலுத்திப் பார்த்தார். கீழ்த்தாடைக்குப் போகும் நரம்பை மரக்கச் செய்து காட்டியவர் அவர். இன்று கீழ் ஞானப்பல் எடுக்கும்போது கன்னத்தின் உட்புறம் கடைசியில் போடும் ஊசிக்கு மூலம் அதுதான்.

அவரும் சகாக்களும் தங்கள் மேலேயே ஊசி போட்டுப் பழகியதில் கோகெய்னுக்கு அடிமையானார்கள். ஹால்ஸ்டெட் மருத்துவமனையில் சேர்ந்து மீண்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெரிய பேராசிரியரானார். ஆனாலும் மார்ஃபின் பழக்கம் அவரைக் கடைசி வரை விடவில்லை.

அடிமைப்படுத்தாத மருந்து தேவைப்பட்டது. 1905-ல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரட் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவோகெய்ன் வந்தது. 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெய்னை உருவாக்கினார். அதையும் முதலில் தன் உடம்பில் போட்டுப் பார்த்தவர் அவருடைய உதவியாளர் பெங்க்ட் லுண்ட்க்விஸ்ட். இன்று பல் மருத்துவமனைகளில் போடும் ஊசிகளில் லிடோகெய்ன் மிகவும் பரவலானது.

எக்ஸ்ரேயின் கதையும் இப்படித்தான். 1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த சில வாரங்களிலேயே ஓட்டோ வால்கோஃப் என்ற ஜெர்மன் பல் மருத்துவர் தன் பற்களைப் படம் எடுத்தார். அதற்காக 25 நிமிடம் அசையாமல் இருந்தார். அமெரிக்காவில் பல் எக்ஸ்ரேயைப் பரப்பிய எட்மண்ட் கெல்ஸ், கதிர்வீச்சின் ஆபத்து தெரியாத காலத்தில் படத்தகட்டைக் கையால் பிடித்தே வேலை செய்தார். புற்றுநோய் வந்து விரல்களையும் பிறகு கையையும் இழந்தார்.

சரி, எடுக்கத்தான் வேண்டுமா?

வலி போனதும் ஒரு புதுப் பிரச்சினை வந்தது. எடுப்பது சுலபமானதால், தொல்லையே தராத ஞானப்பற்களையும் எதற்கும் இருக்கட்டும் என்று எடுக்கும் பழக்கம் 20-ம் நூற்றாண்டில் வளர்ந்தது. 2000-ம் ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்தின் நைஸ் என்ற அரசு அமைப்பு, நோய் இல்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுப்பதை நிறுத்தச் சொன்னது. அமெரிக்காவில் பல மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. 2020-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, எது சரி என்று முடிவு கட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்றது.

பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்வது இதுதான். திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தால், பல் சொத்தையாகிச் சரி செய்ய முடியாமல் போனால், பக்கத்துப் பல்லை அரித்தால், நீர்க்கட்டி வந்தால் எடுக்க வேண்டும். சும்மா இருக்கும் பல்லை அவ்வப்போது பரிசோதித்து வந்தால் போதும் என்பது ஒரு தரப்பு.

கீழ் ஞானப்பல்லின் வேர் சிலருக்குத் தாடை நரம்பை ஒட்டி இருக்கும். எடுத்த பிறகு உதடோ நாக்கோ மரத்துப்போகலாம். பெரும்பாலும் சரியாகிவிடும், அபூர்வமாக நிரந்தரமாகலாம். அதனால் இந்தப் பல்லை ஏன் எடுக்க வேண்டும், வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளையும் ஊசி போடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

எடுத்த பிறகு குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் மருந்து. முதல் நாள் வாய் கொப்பளிக்கக் கூடாது, உறிஞ்சுகுழலில் குடிக்கக் கூடாது, புகை கூடவே கூடாது. கட்டி பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து சில நாள் கடுமையாக வலிக்கும். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் வடியும். அதற்குப் பிறகும் வீக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எத்தனை நாளானாலும், மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் என்றால் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்கே போய்விட வேண்டும். லுட்விக் எழுதிய கழுத்து வீக்கம் இன்னும் உலகத்தை விட்டுப் போய்விடவில்லை.

1844-ல் கண் விழிப்போமா என்று தெரியாமலே வெல்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். இன்று உட்காருபவருக்கு அந்தப் பயம் வேண்டாம். கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும்.