இசைத்தட்டு வெட்டுபொறி: கருவியும் கையும்

ஒலிப்பதிவின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1877இல் எடிசன் உருளையொன்றிற் சுற்றிய மெல்லிய உலோகத் தகட்டிலே மனிதக் குரலைப் பதித்தமையும், 1887இல் பேர்லினர் உருளையை விடுத்துத் தட்டினைத் தெரிந்தமையும், 1925இல் மின்முறைப் பதிவு தோன்றியமையும், 1948இல் நீண்டநேர இசைத்தட்டு விற்பனைக்கு வந்தமையும் அவ்வரலாற்றின் மைல்கற்களாகச் சுட்டப்படுகின்றன. இவை யாவும் உண்மையே. ஆயின் ஒலியானது தட்டாக மாறும் இடத்தில் ஒரு பொறி நின்றது. அப்பொறியருகே அதனை இயக்கவும் பேணவும் தெரிந்த ஒரு தொழிலாளி நின்றான். அவனைப் பற்றி அந்நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

இசைத்தட்டின் மூலத்தட்டிலே தவாளிப்பினை வெட்டும் கடைசற் பொறியே ஈண்டு வெட்டுபொறி எனப்படுகின்றது. இரும்பு கடையும் பட்டறைப் பொறிக்கு இது நெருங்கிய உறவு. அங்கே பொருள் சுழல, கத்தியை ஒரு நீண்ட திருகாணி மெல்ல நகர்த்தும். இங்கும் அதுவே நிகழ்கின்றது. தட்டே பொருள், கூரிய ஊசியே கத்தி. அக்கத்தி நகரும்போதே இசைக்கேற்ப அதிரவும் வேண்டும் என்பதொன்றே வேறுபாடு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் 20 நிமிட இசை அடங்குமாயின், தவாளிப்பு ஏறத்தாழ 667 முறை சுற்றி வருகின்றது. அடுத்தடுத்த சுற்றுகளின் இடைத்தூரம் சராசரியாக ஒரு மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்கே. தவாளிப்பு முழுவதையும் நேர்கோடாக நீட்டினால் 430 மீற்றர் அளவில் இருக்கும். இத்தனை தூரத்தையும் ஊசி ஒருமுறை மட்டுமே கடக்கின்றது. காந்த நாடாவிலே பிழைபட்ட பகுதியை வெட்டி அகற்றி ஒட்டிவிடலாம். வெட்டிய தவாளிப்பையோ திருத்த வழியில்லை. பத்தொன்பதாம் நிமிடத்தில் நேரும் தவறு முந்திய பதினெட்டு நிமிட வேலையையும் குப்பையாக்கிவிடும். இத்தொழிலின் இயல்பையும் இதில் ஈடுபட்டோரின் இயல்பையும் தீர்மானித்தது இதுவே எனலாம்.

பேர்லினரின் முதற் தட்டுகள் வெட்டப்பட்டவை அல்ல. துத்தநாகத் தட்டின்மேல் மெழுகுப் படலமொன்றைப் பூசி, ஊசி கீறிய இடங்களை அமிலத்தால் அரிக்கச் செய்தார். அமிலம் அரித்த சுவர் கரடுமுரடானது, இரைச்சலும் மிகுந்தது. நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரிலே பட்டறை நடத்திய எல்ட்ரிட்ஜ் ஜோன்சன் என்பவரே தடித்த மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டும் முறையை வணிக அளவில் நிலைநாட்டினார். 1901இல் விக்டர் கம்பனியை நிறுவிய இவர் விஞ்ஞானி அல்லர். பட்டறையிற் பயின்ற பொறிவினைஞர். வெட்டுபொறியின் கதை ஆய்வுகூடத்தில் அன்றிப் பட்டறையிலேயே தொடங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1902ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் கிராமபோன் கம்பனியின் சார்பிற் கல்கத்தாவுக்கு வந்த பிரெட் கைஸ்பேர்க், கௌஹர் ஜான் முதலானோரின் பாடல்களைப் பதிவு செய்தார். வெட்டிய மெழுகுத் தட்டுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலிற் சென்று, அங்கு அச்சிடப்பட்டு, மீண்டும் இந்தியாவுக்கு விற்பனைக்காக வந்தன. அக்காலப் பதிவு நிலையங்களிலே பாடுவோருக்குப் பொதுவாகத் தெரிந்தது கூம்பின் வாய் மட்டுமே. பொறி மறைப்பின் பின்னே இருந்தது. தொழில் இரகசியத்தைக் காத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. மெழுகை இயக்கிக் கேட்டால் தவாளிப்பே சிதைந்துவிடுமாதலால், வெட்டியவன் தன் வேலையின் பயனை உடனே அறியவும் இயலவில்லை. ஊசியின் கீழிருந்து எழும் மெழுகு இழையின் தோற்றமும் வெட்டிய பரப்பின் மினுக்கமுமே அவனுக்குச் சாட்சி. எழுத்தில் வராத அறிவொன்று இவ்வாறு கண்ணிலும் விரலிலும் திரளலாயிற்று.

அப்பொறிகளைச் சுழற்றியது மின்சாரமும் அன்று. உயரத்திலிருந்து இறங்கும் பாரமொன்றின் இழுவையே தட்டைச் சுழற்றியது. மின்மோட்டர்களின் சுழற்சி போதிய அளவு சீராக அமையாத காலத்தில் புவியீர்ப்பே நம்பத்தக்க வலுவாயிருந்தது. 1931இல் திறக்கப்பட்ட லண்டன் அபே றோட் கலையகத்தில் ஒலிவாங்கியும் விரியலாக்கியும் வந்துவிட்ட பின்னரும் மெழுகுத் தட்டுகளை இறங்குபாரங்களே சுழற்றின. புதியது வந்ததும் பழையது மறைந்துவிட்டது எனக் கொள்வோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

மின்முறைப் பதிவு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ்பீல்ட், ஹரிசன் ஆகியோரின் ஆக்கமாகும். அதனைப் பயன்படுத்திய கம்பனிகள் வெஸ்ரேண் எலெக்ரிக் நிறுவனத்துக்கு உரிமைப்பணம் செலுத்த வேண்டியிருந்தது. அச்சுமையிலிருந்து விடுபட விரும்பிய இங்கிலாந்தின் கொலம்பியா கம்பனி, 1929இல் அலன் புளூம்லைன் என்னும் இளம் பொறியியலாளரைப் பணிக்கமர்த்தியது. அவர் காந்தப்புலத்தில் அசையும் சுருளைக் கொண்ட புதிய வெட்டுதலையை அமைத்தார். 1931இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை, தவாளிப்பின் இரு சுவர்களிலும் இருவேறு ஒலிவழிகளை 45 பாகைச் சாய்விற் பதிக்கும் முறையையும் உள்ளடக்கியது. 1942இல் ராடர்க் கருவியொன்றைச் சோதித்த விமானம் வீழ்ந்தபோது அவர் உயிரிழந்தார். அவரது முறையில் அமைந்த இருவழி இசைத்தட்டுகள் 1958இலேயே சந்தைக்கு வந்தன.

1930களின் நடுப்பகுதியில் மெழுகின் இடத்தை அரக்குத் தட்டு பிடிக்கத் தொடங்கியது. அலுமினியத் தட்டின்மேல் நைத்திரோசெலுலோசுக் கலவையைப் பூசியது அது. (பெயர் அரக்காயினும் பழைய 78 சுற்றுத் தட்டுகளில் கலந்த பூச்சி அரக்கு வேறு, இது வேறு.) இத்தட்டை வெட்டியவுடன் இயக்கிக் கேட்க முடிந்தது. பின்னர் ஊசியைச் சுற்றி நுண்ணிய கம்பிச் சுருளொன்றை அமைத்துச் சூடேற்றும் வழக்கம் வந்தது. வெண்ணெயை வெட்டும் சுடுகத்தி போல ஊசி ஓசையின்றி வெட்டலாயிற்று.

பெர்லின் நகரில் 1928இல் ஜோர்ஜ் நொய்மன் தொடங்கிய நிறுவனம் ஒலிவாங்கிகளாற் புகழ்பெற்றது. ஆயினும் இசைத்தட்டுத் துறையினர் அப்பெயரை அதன் வெட்டுபொறிகளோடு சேர்த்தே நினைவுகூர்வர். யுத்தத்துக்குப் பின் அந்நிறுவனம் வெளியிட்ட பொறிகளுள் 1966, 1970, 1980 ஆகிய ஆண்டுகளின் பெயரைத் தாங்கிய வீஎம்எஸ் 66, 70, 80 என்பன உலகின் பல கலையகங்களிலும் இடம்பெற்றன. அமெரிக்காவிலே ஸ்கலி நிறுவனத்தின் பொறிகள் அத்தகைய மதிப்பைப் பெற்றிருந்தன.

இப்பொறியின் இயக்கத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். கனத்த சுழல்மேடையிலே தட்டை வெற்றிட உறிஞ்சல் இறுகப் பிடித்திருக்கும். மோட்டரின் நடுக்கம் மேடையை அடையாதவாறு இடையே எண்ணெய் நிரம்பிய இணைப்பொன்று தடுக்கும். வெட்டியெழும் இழையை ஊசியருகேயுள்ள குழாய் உறிஞ்சிவிடும். உறிஞ்சல் ஒரு கணம் தவறினாலும் இழை ஊசியிற் சிக்கி அப்பக்கம் முழுவதும் பாழாகும். சேரும் இழைக் குவியலோ எளிதில் தீப்பற்றக்கூடியது. அதனை நீருள்ள கொள்கலத்திற் சேர்ப்பது தொழிலறிந்தோர் வழக்கம். நாடாப்பொறியிலே மேலதிகத் தலையொன்று வரப்போகும் இசையைத் தட்டு ஏறத்தாழ ஒருமுறை சுற்றும் நேரமாகிய 1.8 செக்கன் முன்னரே வாசித்து அறிவிக்கும். உரத்த இசை வருமாயின் திருகாணி விரைந்து சுழன்று சுற்றுகளை விலக்கி இடமளிக்கும். மெல்லிய இசையெனில் நெருக்கும். ஜேர்மானியரான எடுவார்ட் ரைன் முன்வைத்த இக்கருத்தே ஒரு பக்கத்தில் நீண்ட சிம்பனி அடங்குவதற்கு வழிகோலியது.

ஆயினும் பொறி தானாகத் தீர்மானிக்காதவை பலவுண்டு. தட்டின் வெளிவிளிம்பிலே ஊசியின் கீழ்த் தவாளிப்பு செக்கனுக்கு ஏறத்தாழ 51 சதமமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. உள்விளிம்பிலோ 21 சதமமீற்றரே. எனவே ஒரே ஒலி உள்ளே செல்லச் செல்ல நெருக்குண்டு மங்கும். பாடலின் உச்சத்தை இறுதியில் வைத்த இசையமைப்பாளனோ இதனை அறியான். பாடகியின் 'ஸ'கர ஒலி கூர்மையாயின் வெட்டுதலையின் சுருள் அளவுக்கு மீறிச் சூடாகும். இடவல வழிகளில் முரணி நிற்கும் தாழ்ந்த ஒலி ஊசியை மேலெழச் செய்து தவாளிப்பையே அறுத்துவிடும். எதனைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது, இசை சிதையாமல் எப்படிக் குறைப்பது என்பன வெட்டுவோனின் தீர்ப்புக்கே விடப்பட்டன.

பேணுதலோ இதனிலும் நுண்ணியது. நீலக்கல் ஊசியின் ஆயுள் மணிக்கணக்கில் அளக்கப்படுவது. மழுங்கிய ஊசி உடனே ஒடிவதில்லை. தவாளிப்புச் சுவரை மெல்ல நரைக்கச் செய்து இரைச்சலைக் கூட்டும். தட்டின் விளிம்பில் வெற்றுத் தவாளிப்பொன்றை வெட்டி, நுணுக்குக்காட்டியிற் சுவரின் பளபளப்பையும் அகலத்தையும் நோக்கிய பின்னரே வேலை தொடங்கும். திருகாணியிற் படிந்த அழுக்குச் சுற்றுகளின் இடைவெளியைக் கெடுக்கும். சுழல்மேடையின் அச்சுத்தாங்கி தேய்ந்தால் ஆழ்ந்த முழக்கமொன்று எல்லாத் தட்டுகளிலும் பதியும். வெட்டுதலையினுள்ளே, அதிர்வைத் தானே உணர்ந்து விரியலாக்கிக்கு அறிவிக்கும் மெல்லிய பின்னூட்டச் சுருள்களும் உண்டு. ஈலிய வாயுவைச் செலுத்தி வெட்டுதலையைக் குளிர்விப்பர். ஒரு கணக் கவனக்குறைவாற் சுருள் எரிந்துபோனால் பொறி ஊமையாகும். இவற்றைச் செம்மையாகச் செய்தோர் தம் வேலையைத் தட்டிலேயே பொறித்துச் சென்றனர். நியூ ஜேர்சியிலே பகலில் கண்பரிசோதகராகவும் ஏனைய நேரங்களில் ஜாஸ் இசைப் பதிவாளராகவும் வாழ்வைத் தொடங்கிய றூடி வான் கெல்டர் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தவாளிப்பின் முடிவில் இட்டார். லண்டனின் ஜோர்ஜ் பெக்கம், 'போர்க்கி' என்ற தம் பட்டப்பெயரில் வெட்டு முத்திரையொன்றை எழுதினார். உறையில் இடம்பெறாத தொழிலாளியின் பெயர் தட்டின் உடலிலே நிலைத்தது.

தொழிலறிவு கம்பனிகளின் உடைமையாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு லெனின்கிராட் நகரம் சான்று. யுத்தத்தின் பின் அங்கு கொண்டுவரப்பட்ட ரெலிபுங்கன் பதிவுப் பொறியொன்றை நுணுகி நோக்கிய றுஸ்லான் போகஸ்லோவ்ஸ்கி என்னும் இளைஞர் அதனைப் பார்த்துத் தாமே பொறியொன்றைச் செய்தார். மருத்துவமனைகள் கழித்த எக்ஸ் கதிர்ப் படச்சுருள்களே தட்டுகளாயின. அரசாங்கம் விரும்பாத இசை மனித எலும்புகளின் நிழற்படத்தின்மேல் வெட்டப்பட்டு இரகசியமாகக் கைமாறியது. அதற்காக அவர் சிறையும் சென்றார். தட்டுகளின் ஒலித்தரம் தாழ்ந்ததே. ஆயின் பொறியின் ஒவ்வோர் உறுப்பும் எதற்காக உள்ளது என்று அறிந்த ஒருவரே அதைச் செய்திருக்க முடியும்.

1982இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. அதே காலத்தில் ரெல்டெக், நொய்மன் நிறுவனங்கள் அரக்கை விடுத்துச் செம்பிலே நேரடியாக வெட்டும் முறையை அறிமுகம் செய்தன. தொழில்நுட்பத்தின் உச்சமும் சந்தையின் வீழ்ச்சியும் ஒருங்கே நிகழ்ந்தன. கலையகங்கள் வெட்டுபொறிகளை விற்றன. சில பழைய இரும்பாகவும் போயின. பயிற்சி பெற்றோர் வேறு வேலை தேடினர். முதியவரின் அருகே இளையவர் அமர்ந்து ஆண்டுக்கணக்கிற் கற்ற முறை அறுந்தது. இழப்பின் அளவு அப்போது எவர்க்கும் புலப்படவில்லை. இசைத்தட்டு இனித் திரும்பாது என்றே யாவரும் கருதினர்.

அது திரும்பியது. 2022இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 41 மில்லியன் இசைத்தட்டுகளும் 33 மில்லியன் குறுந்தட்டுகளும் விற்பனையாயின. அச்சிடும் ஆலைகளைப் புதிதாக நிறுவ முடிந்தது. அச்சுப்பொறிகளும் புதிதாகச் செய்யப்பட்டன. வெட்டுபொறியைப் பொறுத்தவரை நிலை வேறு. கலையகங்கள் பெரிதும் நம்பியிருப்பது நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பொறிகளையே. அவற்றின் கட்டுப்பாட்டுச் சுற்றுகளை அகற்றிக் கணினி பொருத்தியோர் உண்டு. இரும்புப் படுக்கையும் திருகாணியும் பழையனவே. எரிந்த சுருளை மீளச் சுற்றவும் அச்சுத்தாங்கியைச் சீராக்கவும் வல்லோர் மிகச் சிலர். அவர்களுட் பலர் முதியோர்.

2020 பெப்ரவரி 6ஆந் திகதி கலிபோர்னியாவின் பானிங் நகரிலிருந்த அப்பல்லோ மாஸ்ரேர்ஸ் ஆலை தீயில் முற்றாக அழிந்தது. அரக்குத் தட்டுகளையும் வெட்டூசிகளையும் உலகுக்கு வழங்கிவந்த இரண்டு முதன்மை ஆலைகளுள் அது ஒன்று. மற்றையது ஜப்பானிலுள்ள சிற்றாலை. கலையகங்கள் கையிருப்பிலிருந்த தட்டுகளை எண்ணத் தொடங்கின. சோதனை வெட்டுக்காகத் தாராளமாகச் செலவிட்ட தட்டுகளைச் சிக்கனமாகப் பயன்படுத்தினர். மழுங்கிய ஊசிகளை எறியாமல் மீளத் தீட்டுவோரைத் தேடினர். செம்பில் வெட்டும் பொறிகளை வைத்திருந்த ஐரோப்பியக் கலையகங்கள் சிலவற்றை நோக்கி வேலை திரும்பியது. ஆனால் அப்பொறிகளோ மிகச் சில. அவற்றைச் செய்த ஆலையும் அத்தொழிலைக் கைவிட்டு நெடுங்காலமாகிவிட்டது.