எண்ணும் இரும்பும்

பழைய ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பல தலைமுறைகளாகப் பேணி வந்தனர் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார். உளுத்துப்போன பலகை ஒவ்வொன்றையும் அகற்றிப் புதிய பலகையை அவ்விடத்தில் இட்டனர். இவ்வாறு புதுக்கப்பட்ட கப்பல் தீசியசின் கப்பல்தானா என்று மெய்யியலார் வாதிட்டனர். 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இவ்வினாவை மேலும் சிக்கலாக்கினார். அகற்றிய பழம்பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் வேறொரு கப்பலைக் கட்டினால், அவ்விரண்டினுள் எது உண்மைக் கப்பல் என்று அவர் கேட்டார்.

நேயர்களே! ஏட்டளவில் நின்ற இவ்வினா, மோட்டார் வண்டி தோன்றிய பின்னர் அரசாங்க அலுவலகத்து மேசைக்கே வந்து சேர்ந்தது. இயந்திரம் மாறிய, சில்லுகள் மாறிய, உடற்பகுதியும் மாறிய பழைய கார் ஒன்றைப் பதிவுசெய்ய ஒருவர் வருகிறார். அவர் கொண்டுவந்தது பழைய கார்தானா? பதிவாளர் இதற்கு அன்றைக்கே விடை கூறவேண்டும். மெய்யியலாருக்கு இருந்த ஓய்வு அவருக்கு இல்லை.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே வாகனப் பதிவு மத்திய அரசின் கடமையன்று; ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனச் சட்டம் வகுத்துக்கொண்டது. நியூயோர்க் மாநிலம் 1901ஆம் ஆண்டில் வாகனங்களைப் பதியத் தொடங்கியபோது, உரிமையாளர்கள் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தாமே பலகையிற் பொறித்து வண்டியில் மாட்டினர். 1903இல் மசச்சூசெற்ஸ் மாநிலம் எண் பலகைகளைத் தானே வழங்கலாயிற்று. இவை வண்டியின் வெளியே தொங்கும் அடையாளங்கள். எவரும் கழற்றி வேறொரு வண்டியில் மாட்டக்கூடியவை. ஆதலின் வண்டியின் உடலிலேயே பொறிக்கப்பட்ட ஓர் எண் தேவைப்பட்டது.

ஆனால் அந்த எண்ணை எந்த உறுப்பிற் பொறிப்பது? 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் உற்பத்தியான போர்ட் நிறுவனத்தின் ‘ரீ மொடல்’ காரை எடுத்துக்கொள்வோம். அதன் காலத்தின் பெரும்பகுதியில் வண்டியின் தொடரெண் இயந்திரத்தின் மீதே பொறிக்கப்பட்டது. பல மாநிலங்களின் பத்திரங்களிலும் அந்த இயந்திர எண்ணே எழுதப்பட்டது. மோட்டார் வண்டியில் இயந்திரமோ பழுதுபடவும் மாற்றப்படவும் கூடிய உறுப்பு அன்றோ! இயந்திரம் போனால் அதனோடு வண்டியின் பெயரும் போயிற்று. வண்டி கண்முன் நிற்கும். பத்திரமோ அங்கில்லாத ஓர் இரும்பைப் பற்றிப் பேசும்.

இதனிடையே திருடர்கள் மாநில எல்லைகளின் பயனை நன்கு கண்டுகொண்டனர். ஒரு மாநிலத்திற் திருடிய காரை அடுத்த மாநிலத்தில் விற்றால், முதல் மாநிலத்துக் காவலரின் கை அங்கே எட்டாது. இதனைத் தடுக்கும் பொருட்டு, மிசூரி மாநிலத்துச் செயின்ற் லூயிஸ் நகரின் பிரதிநிதியான லியோனிடாஸ் டையர் கொண்டுவந்த சட்டம் 1919இல் நிறைவேறியது. திருடிய வாகனத்தை மாநில எல்லை கடந்து கொண்டுசெல்வது அன்றுமுதல் மத்திய அரசின் குற்றமாயிற்று. 1954ஆம் ஆண்டளவில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் வாகன அடையாள எண்ணைக் கையாளத் தொடங்கினர். எனினும் ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போன வடிவில் எண்ணிட்டது. 1981ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தே 17 குறிகள் கொண்ட ஒரே முறை கட்டாயமாயிற்று. அவற்றுள் ஒன்பதாவது குறி ஏனையவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. எண்ணை எவரேனும் தவறாக எழுதினாலும் மாற்றி எழுதினாலும் அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய கார்களோ இந்த ஒழுங்கிற்கு முற்பட்டவை. ஒருவர் அத்தகைய காரை வேறொரு மாநிலத்திற்குக் கொண்டுசெல்லும்போது, பழைய உரிமைப் பத்திரத்தைக் கொடுத்துப் புதியதைப் பெறவேண்டும். பாடசாலை மாறும் மாணவன் விடுகைப் பத்திரத்துடன் செல்வதைப் போன்றது இது. ஆனால் எல்லா மாநிலங்களும் விடுகைப் பத்திரம் வழங்குவதில்லை. நியூயோர்க் மாநிலம் 1972ஆம் ஆண்டிற்கும் அதற்கு முன்னைய ஆண்டுகளுக்கும் உரிய மாதிரிகளுக்கு உரிமைப் பத்திரம் வழங்காது, பதிவுத்தாளையே ஆதாரமாகக் கொள்கிறது. பத்திரம் கேட்கும் மாநிலத்திற்கு அத்தகைய கார் சென்றால், அலுவலர் காரின் எண்ணை நேரிற் பரிசோதிப்பார். மாற்றிய உறுப்புகளின் பற்றுச்சீட்டுகளைக் கேட்பார். பொருந்திய எண் இல்லையெனில் மாநிலமே புதிய எண் ஒன்றை வழங்குவதும் உண்டு. பழைய காரைப் புதுக்குபவர் சிறு உறுப்பு ஒன்றின் பற்றுச்சீட்டையும் பேணிவைப்பது இதனாலேயே.

இவ்வொழுங்குகள் கள்வனைப் பிடிக்க எழுந்தவை. அவை நேர்மையாளனையும் பிடித்த கதை ஒன்றுண்டு. இந்தியானா மாநிலத்து வணிகரிடமிருந்து, புதுக்கப்பட்ட 1959ஆம் ஆண்டுக் கோர்வெற் கார் ஒன்றைக் கன்சாஸ் மாநிலத்தவர் ஒருவர் விலைகொடுத்து வாங்கினார். அவ்வாண்டில் ஷெவர்லே நிறுவனம் 9,670 கோர்வெற் கார்களையே செய்தது. அவற்றின் எண் ஒவ்வொன்றிலும் 59 என்பது ஆண்டையும், எஸ் என்னும் எழுத்து அவை பிறந்த செயின்ற் லூயிஸ் தொழிற்சாலையையும் குறித்தன. டையர் பிரதிநிதியாயிருந்த அதே நகரம் அது. 2017இல் அவர் காரைக் கன்சாஸில் பதியச் சென்றபோது, எண் பொறித்த தகடு ஒருமுறை கழற்றி மீண்டும் பொருத்தப்பட்டிருப்பதைப் பரிசோதகர் கண்டார். முன்னர் எவரோ காரைப் புதுக்கும்போது நிகழ்ந்த செயல் அது. வாங்கியவர் அதனை அறியார். அவர் குற்றமற்றவர் என்பதை அதிகாரிகளும் மறுக்கவில்லை. எனினும் எண் கழற்றப்பட்ட வாகனம் அழிக்கப்படவேண்டும் என்று கன்சாஸ் சட்டம் கூறியது. கார் பறிமுதலாயிற்று; வழக்கு ஐந்தாண்டு நீண்டது.

இங்கு கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. எண்ணை அகற்றுவதைக் குற்றமாக்கிய 1984ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம், பழுதுபார்ப்பதற்கு இன்றியமையாத வேளையில் எண்ணை அகற்றுவோருக்கு விலக்களித்திருந்தது. துருவை நீக்கி வர்ணம் பூச முனையும் தொழிலாளி தகட்டைக் கழற்றாது வேலைசெய்தல் அரிது என்பதை அச்சட்டத்தை இயற்றியோர் அறிந்திருந்தனர். அவ்வறிவு கன்சாஸ் சட்டத்தில் இடம்பெற 2022 வரை செல்லவேண்டியிருந்தது. அவ்வாண்டில் அம்மாநிலச் சட்டசபை, பழங்காலக் கார்களைப் புதுக்கும்போது எண் தகட்டைக் கழற்றி மீண்டும் பொருத்துவதற்கு இடமளித்தது. காரும் உரியவரிடம் மீண்டது.

இனி, தீசியசின் கப்பலுக்கு வருவோம். அவ்வினாவிற்கு ஏறத்தாழ நேரான விடையை இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 1990இல் அளித்தது. 1929இலும் 1930இலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ற்லி கார் ஒன்று, ஒரு கோடி பவுணுக்கு விலைபேசப்பட்டது. வாங்க உடன்பட்டவர்கள் பின்னர், வென்ற காரின் உறுப்புகளுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளமையால் இது அந்தக் கார் அன்று என வாதித்தனர். உறுப்புகள் மாறியது உண்மையே. ஆயினும் அவை ஒரே நாளில் மாறவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம், ஆண்டுக்கு ஆண்டு மாறின. மாறிய எக்காலத்திலும் அந்தக் கார் அந்தக் காராகவே வழங்கி வந்தது. அதன் பெயருக்கு உரிமைகோர வேறொரு காரும் இருக்கவில்லை. இத்தொடர்ச்சியையே நீதிபதி ஓட்டன் அடிப்படையாகக் கொண்டு, அது உண்மையான காரே எனத் தீர்ப்பளித்தார்.

பொருளின் அடையாளம் இரும்பில் மட்டும் இல்லை; எண்ணில் மட்டும் இல்லை. அறுபடாத வரலாற்றிலும், அவ்வரலாற்றை மறைக்காது எழுதிவைக்கும் நேர்மையிலுமே அது தங்கியுள்ளது. முதலாம் வகுப்பிற் சேர்ந்த சிறுவன் பல் விழுந்து முளைத்து, உயரமும் குரலும் மாறிப் பதினெட்டு வயதில் வெளியேறும்போதும், சேர்வு இடாப்பில் அவன் எண் ஒன்றே. அவனை அவனென்று சொல்வது ஆண்டுதோறும் தவறாது எழுதப்பட்ட அந்த இடாப்பு. ஏட்டில் எழுத்துப் பிசகினால் ஏட்டைத் திருத்தவேண்டுமேயன்றி, மாணவனை வெளியேற்றுதல் தகாது. கன்சாஸ் மாநிலத்தார் ஐந்தாண்டு கழித்துக் கண்டதும் இந்த உண்மையே.