டாக்டர் ஹூ போன பஞ்சாபும் நம்ம பெருங்காமநல்லூரும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு சாவகாசமாகப் படியுங்கள். வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கேயும் விடலாம், இப்போது என் கையில் பிரம்பு இல்லை.

லீவுக்கு வந்திருந்த பேத்தி ஓர் ஆங்கிலத் தொடரைப் போட்டுக் காட்டினாள். பெயர் 'டாக்டர் ஹூ'. காலத்தில் முன்னும் பின்னும் பயணம் போகிற கதை. நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்று, வெளியே பார்த்தால் நம் ஊர்ப் பெட்டிக்கடை அளவுதான், உள்ளே போனால் மண்டபம். அதில் ஏறினால் எந்த வருடத்துக்கும் போகலாம். பி.பி.சி. இதை 1963 நவம்பர் 23-ல் தொடங்கியது. பிள்ளைகளுக்கு வரலாறும் அறிவியலும் சொல்லித் தர வேண்டும் என்பதும் அப்போது ஒரு நோக்கம். அதனால்தான் முதல் கதையில் அந்தப் பெட்டிக்குள் ஏறுகிற இருவரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். ஒருவர் அறிவியல், இன்னொருவர் வரலாறு. இதைக் கேட்டதும் எனக்குத் தொடர் மீது மரியாதை வந்துவிட்டது, மறைக்க மாட்டேன்.

இன்னொரு சேதி. அந்த முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் உசேன். 1938-ல் லக்னோவில் பிறந்தவர். அவருடைய தாயார் அத்தியா உசேன் ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியர், பிரிவினைக் காலத்து லக்னோ முஸ்லிம் குடும்பத்தைப் பற்றி 1961-ல் நாவல் எழுதியவர். ஆக, நம் நாட்டுப் பிரிவினையைக் கண்ட குடும்பத்துப் பிள்ளைதான் இந்தத் தொடருக்கு முதல் கொடி அசைத்தவர். ஆனால் தொடர் பிரிவினையைத் தொட்டுப் பேசுவதற்கு 2018 வரை ஆகிவிட்டது.

பேத்தி காட்டியது அந்தப் பகுதிதான். 'பஞ்சாபின் பேய்கள்' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் வினய் படேல். 2018 நவம்பர் 11-ல் ஒளிபரப்பானது. முதல் உலகப்போர் முடிந்து சரியாக நூறு வருடம் ஆன நாள், இறந்த வீரர்களை அந்த நாட்டுக்காரர்கள் நினைக்கிற நாள். தேதியைக் கவனியுங்கள், கதைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

கதை இதுதான். இங்கிலாந்தில் வாழும் உம்ரீன் என்ற பாட்டி தன் பேத்தி யாஸ்மினிடம் உடைந்த கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுக்கிறாள். "இது என்ன பாட்டி?" என்றால் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். பேத்தி பெட்டியில் ஏறி 1947 ஆகஸ்ட் 17-க்குப் போய்விடுகிறாள். அங்கே பாட்டி இளம்பெண். முஸ்லிம் வீட்டுப் பெண். பக்கத்துக் காட்டு இந்து இளைஞன் பிரேமைக் கல்யாணம் செய்யப் போகிறாள். இந்தப் பிரேம் யாஸ்மினின் தாத்தா இல்லை! இரண்டு வீட்டுக்கும் நடுவே எல்லைக்கோடு போகிறது. கல்யாணம் அந்தக் கோட்டின் மேலேயே நடக்கிறது. பிரேம் யாரால் சாகிறான் என்றால், கூடப் பிறந்த தம்பி கூட்டி வந்த ஆட்களால். காலப் பயணிகள் கிட்டத்தில் இருந்தும் தடுக்கவில்லை. தடுத்தால் உம்ரீன் அவனோடே வாழ்ந்திருப்பாள், யாஸ்மின் பிறந்திருக்க மாட்டாள். துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறார்கள்.

ஏன் ஆகஸ்ட் 17? நம்மில் பலர் 15-ம் தேதியோடு நிறுத்திக்கொள்கிறோம். சுதந்திரம் வந்த அன்று பஞ்சாபிலும் வங்காளத்திலும் எந்த ஊர் எந்த நாட்டில் என்று சனங்களுக்குத் தெரியாது. கோடு போட நியமிக்கப்பட்ட சிரில் ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞர் அதுவரை இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1947 ஜூலை 8-ல் வந்தார். ஐந்து வாரத்தில் வேலையை முடித்தார். தயாரான கோட்டை விழா முடியும்வரை வெளியிடாமல் வைத்திருந்து, 17-ம் தேதிதான் அறிவித்தார்கள். கொடி ஏற்றி இரண்டு நாள் கழித்துத்தான் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குத் தாங்கள் எந்த நாட்டில் நிற்கிறோம் என்று தெரிந்தது. ஒரு கோடிக்கும் மேல் பேர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். செத்தவர்களின் கணக்கை இரண்டு லட்சம் என்பாரும் உண்டு, இருபது லட்சம் என்பாரும் உண்டு. ஒரு தொகைக்கும் இன்னொன்றுக்கும் பத்து மடங்கு இடைவெளி இருந்தால் என்ன அர்த்தம்? உட்கார்ந்து எண்ணிப் பார்க்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

எனக்கு அந்தப் பகுதியில் ஒரு மனக்குறை உண்டு. தம்பியின் வெறி திரையில் நன்றாகவே தெரிகிறது, கோடு போட்ட ராட்கிளிஃப் திரைக்கே வரவில்லை. வீட்டுக்குள் மூண்ட சண்டையாகவே கதை முடிந்துபோகிறது. தீக்குச்சியைக் காட்டியவர்கள் வைக்கோலைக் குவித்தவனையும் காட்டியிருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் பிடித்தது ஸ்பெயின் நாட்டில், கிரனாடா பக்கம். பஞ்சாப் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைச் சமவெளி. இவர்கள் காட்டியது வறண்ட மலையும் கரடும். எனக்கு வருசநாட்டுப் பக்கம் போன மாதிரியே இருந்தது.

சரி, தலைப்பில் உள்ள பேய்கள் யார்? இரண்டு அந்நியக் கிரகத்து உருவங்கள். ஒரு காலத்தில் கொலையையே தொழிலாகக் கொண்ட இனம். ஒருமுறை ஊருக்குத் திரும்பினால் தங்கள் கிரகமே சாம்பலாகிக் கிடக்கிறது. தங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பக்கத்தில் யாருமின்றிச் செத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர்கள் வேலை மாறிவிட்டது. அழ ஆளில்லாமல், பார்க்க ஆளில்லாமல் எங்கே யார் சாகிறார்களோ அங்கே போய் நிற்பது. காப்பாற்ற முடியாது. கூட நிற்பது மட்டும்தான்.

இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. பேத்தி "பஞ்சாப்ல நமக்கு யாரு தாத்தா இருக்கா?" என்றாள். எனக்கு நினைவு போனது பஞ்சாபுக்கு அல்ல, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப்புறம்.

உசிலம்பட்டிக்குத் தெற்கே, சேடபட்டிப் பக்கம் இருக்கிறது பெருங்காமநல்லூர். உங்களில் பாதிப் பேர் பஸ்ஸில் அந்தப் பக்கம் போயிருப்பீர்கள். 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் செத்தார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அதனால்தான் இதைத் தென்னாட்டு ஜாலியன்வாலாபாக் என்கிறார்கள். அமிர்தசரஸ் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. இது இல்லாத புத்தகங்களை வைத்துத்தான் நான் பல வருடம் பாடம் நடத்தினேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் சொன்ன கதைகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

காரணம் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல் வடக்கே கொண்டுவந்து, 1911-ல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். இந்தியாவில் தொழில் சாதிவழியாக வருகிறது, அப்படியானால் குற்றமும் சாதிவழியாகத்தான் வரும் என்பது அவர்கள் வாதம். எவ்வளவு பெரிய படிப்பாளிகள், எவ்வளவு மோசமான தர்க்கம்! காலங்காலமாக ஊர்க்காவல் பார்த்துச் சம்பளம் வாங்கிய பிறமலைக் கள்ளர்களின் காவல் உரிமையை வெள்ளைக்காரன் முதலில் பறித்தான். பிறகு அவர்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்தான். கைரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் முறைக்கு உலகத்திலேயே முதல் அலுவலகம் திறந்தது நம் கல்கத்தாவில்தான், 1897-ல். அந்த மை டப்பா கொஞ்ச வருடத்தில் நம் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தது. இங்கே சனங்கள் சட்டத்துக்கு வைத்த பெயரே ரேகைச் சட்டம். பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். விடியற்காலையில் போலீஸ் ஊரை வளைத்தது. செத்த பதினாறு பேரில் ஒருவர் பெண், மாயக்காள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊரில் சொல்கிறார்கள்.

அப்புறம் ரேகை வைக்கத்தான் வேண்டியிருந்தது. பதிவான ஆம்பளைகள் ராத்திரி காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். மதுரையில் இருந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இந்தச் சனங்களுக்காக வாதாடினார். கேரளத்துக் கிறிஸ்தவர். 'ரோசாப்பூ துரை' என்று சனங்கள் அன்பாகக் கூப்பிட்டார்கள். முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய்ப் போராடினார். அதையெல்லாம் எழுத இன்னொரு பதிவு வேண்டும்.

எங்கள் அப்பத்தாவைப் பற்றி உறவுகளுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது, 1985 வாக்கில். ஏதோ ஒரு அலுவலகத்தில் காகிதத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். அப்பத்தா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டது. அந்த ஆள் விரலைப் பிடித்து இழுக்கப் பார்த்தார், கிழவி போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. பணமே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னது: "கலியாணத்து ராத்திரியும் உங்க தாத்தன் சாவடியிலதாண்டா படுத்துக் கெடந்தான். விடிஞ்சு வந்தவன் வெரல்ல மை இருந்துச்சு. அந்தக் கையாலதான் எனக்குப் பூ வாங்கிட்டு வந்தான்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. உம்ரீன் பாட்டி மாதிரியே வாயை இறுக்கி மூடிக்கொண்டது. மறுநாள் சிலேட்டை எடுத்து நீட்டி, "எம்பேரை எழுதக் கத்துக் குடு" என்றது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நாலெழுத்துப் பெயர். பதினெட்டு நாள் ஆனது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குக் கைப்பிடித்து எழுத வைத்திருக்கிறேன், அந்த விரல்களை மறக்க முடியாது. காய்ப்பு காய்த்த விரல், பலப்பம் அதில் நிற்காது. கடைசியில் அதே அலுவலகத்துக்குப் போய், அதே காகிதத்தில், கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தது. சாகும்வரை எதிலும் ரேகை வைக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டத்தை 1947 ஜூனில் ரத்து செய்தார்கள். ராட்கிளிஃப் விமானம் ஏறி வருவதற்கு ஒரு மாதம் முன்பு. இந்தியா முழுக்க ரத்தாக 1952 ஆகஸ்ட் 31 வரை ஆனது. ஆக, கொடியேற்றிய பிறகும் ஐந்து வருடம் வடக்கே பல லட்சம் பேர் பிறவிக் குற்றவாளிகளாகவே இருந்தார்கள். அந்தக் காலத்தில் சீர்திருத்தம் என்று சொல்லி ஆரம்பித்த பள்ளிகள்தான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. உங்களில் சிலர் அங்கே ஆரம்பப் படிப்பு படித்துவிட்டு என்னிடம் ஆறாம் வகுப்புக்கு வந்தவர்கள். பள்ளியின் பெயருக்கு அர்த்தம் கேட்ட ஒரு பையனுக்கு நான் ஒரு பீரியட் முழுக்கப் பதில் சொன்னேன். அவன் இப்போது கோயம்புத்தூரில் பொறியாளர், இதைப் படிப்பான்.

கோடு போடுகிற விஷயம் நம் பக்கமும் நடந்ததுதான். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் நம் பக்கம் சேராமல் கேரளத்தோடே இருந்துவிட்டன. கம்பத்திலும் போடியிலும் பொண்ணு கொடுத்து எடுத்தவர்களுக்குச் சம்பந்தி வீடு வேறு மாநிலமாகவே நின்றுவிட்டது. ரத்த ஆறு ஓடவில்லை, அதுவரைக்கும் நல்லது.

பேத்தி கேட்டாள், "உங்ககிட்ட அந்தப் பெட்டி இருந்தா 1920-க்குப் போய் என்ன தாத்தா செய்வீங்க?" என்று. போலீஸ் வருகிறது என்று முந்தின நாளே சொல்லிவிடுவேன் என்றுதான் வாயில் வந்தது. ஆனால் அவர்களுக்குப் போலீஸ் வரும் என்று தெரியாமல் இல்லையே. தெரிந்துதானே ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். பிரேமுக்கும் கோட்டின் மேல் கல்யாணம் செய்தால் என்ன ஆகும் என்று தெரியாதா? நான் போனால் அந்த ஊர்க் கிணற்றடியில் ஓர் ஓரமாக நின்று பதினாறு முகத்தையும் பார்த்துவிட்டு வருவேன். பெயர் கல்லில் இருக்கிறது, முகம் எங்கேயும் இல்லை.

பெருங்காமநல்லூரில் நினைவுத்தூண் இருக்கிறது. வருடா வருடம் ஏப்ரல் 3-ல் மாலை போடுகிறார்கள். நம் பக்கமிருந்து ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாகப் போகலாம். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

மயிலாடும்பாறையில் நம் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். வயது தொண்ணூறுக்கு மேல். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தன் அய்யாவுக்குச் சாவடிக்குக் கஞ்சிக் கலயம் கொண்டுபோனவர். காது மந்தம், பேச்சு தெளிவு. அடுத்த ஞாயிறு போகலாம் என்று இருக்கிறேன். கேட்க வேண்டியதை நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். செல்போனில் ஒழுங்காக வீடியோ எடுக்கத் தெரிந்த பையனோ பெண்ணோ ஒருவர் கூட வந்தால் நல்லது. காலை எட்டு மணிக்குக் கடமலைக்குண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். டீ என் செலவு.