கைமாறிய முடியணி: ஒரு ருஷ்ய அரச குடும்பத்து நகைகளின் வரலாறு

அரசுகள் வீழும்போது அரண்மனைகள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன, நிலங்களும் கைமாறிவிடுகின்றன. நகைகளோ அவற்றை அணிந்தவர்களோடு எல்லைகளைக் கடந்து செல்கின்றன. ஆகவே, ஒரு பழைய நகை எவரெவர் கைகளிலிருந்து வந்தது என ஆராய்வது, ஒரு குடும்பம் எவ்வாறு வீழ்ந்தது, வீழ்ந்தபின் எவ்வாறு பிழைத்தது என ஆராய்வதாகவே முடிகின்றது. 1917ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் ருஷ்யாவை விட்டு வெளியேறிய மரியா பவ்லோவ்னாவின் நகைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

ஜேர்மனிய அரச குடும்பமொன்றில் 1854இல் பிறந்த மரியா, 1874இல் ருஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரின் மகனான விளாடிமிரை மணந்தார். போலின் என்னும் நகை நிறுவனம் அவருக்கென ஒரு முடியணியைச் செய்தது. ஒன்றோடொன்று பின்னிய 15 வைர வளையங்களும், ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் தொங்கும் ஒரு முத்தும் கொண்டது அது. ருஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டு அப்போது 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த வைரங்களின் பின்னால் பெயரறியா உழவர்களின் உழைப்பும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

புரட்சி வெடித்தபோது மரியா தெற்கே, கவ்காசியப் பகுதியில் இருந்தார். நகைகளோ தலைநகர் பெற்றோகிராட்டில், அவரது அரண்மனையின் மறைவான பெட்டகத்தில் இருந்தன. அவருடைய ஆங்கிலேய நண்பரான அல்பேர்ட் ஸ்ரொப்போர்ட், மரியாவின் மகன் போரிசின் உதவியுடன் அவற்றை வெளியே எடுத்தார். வேலையாள் வேடத்தில் சென்று, நகைகளைப் பழைய செய்தித்தாள்களில் சுற்றிக் கைப்பைகளில் கொண்டுவந்தார் என்று கூறப்படுகின்றது. அவ்வாண்டிலேயே அவை இலண்டனைச் சென்றடைந்தன. மரியா 1920 பெப்ரவரியில் கருங்கடல் துறைமுகமான நொவொரொசிஸ்க்கிலிருந்து கப்பலேறினார். அதே ஆண்டு செப்டெம்பரில் பிரான்சில் காலமானார்.

நகைகள் நான்கு பிள்ளைகளுக்கும் கற்களின் வகைப்படி பிரிக்கப்பட்டன. கிரிலுக்கு முத்துக்கள், போரிசுக்கு மரகதங்கள், அந்திரேய்க்கு மாணிக்கங்கள், மகள் எலேனாவுக்கு வைரங்கள் என அப்பங்கீடு அமைந்தது. புகலிடத்தில் வாழ்க்கை நடத்தப் பணம் வேண்டும். நாடிழந்த ருஷ்யப் பிரபுக்கள் பலரும் ஒரே காலத்தில் நகைகளை விற்க முன்வந்தனர். விற்றே ஆகவேண்டியவர் விலை பேசும் வலிமையை இழந்துவிடுகிறார் என்பது அன்றும் உண்மையாயிருந்தது.

கிரேக்க இளவரசர் நிக்கலசின் மனைவியான எலேனா, 1921இல் அந்த முடியணியைப் பிரித்தானிய அரசி மேரிக்கு விற்றார். விலை 28,000 பவுண் எனக் குறிப்பிடப்படுகின்றது. முத்துக்களுக்குப் பதிலாக மரகதங்களையும் தொங்கவிடக்கூடியவாறு மேரி அதனை மாற்றியமைத்தார். 1934இல் எலேனாவின் மகள் மரீனா, அதே மேரியின் மகனை மணந்தார். தாய் விற்ற முடியணி மகளின் மாமியாரிடம் இருந்தது! 1953இல் மேரி இறந்தபின் அது இரண்டாம் எலிசபெத்தைச் சேர்ந்தது. உரிமை மாறியபோதும் பெயர் மாறவில்லை. இன்றும் அது ‘விளாடிமிர் முடியணி’ என்றே அழைக்கப்படுகின்றது.

போரிசின் மரகதங்களுக்கோ வேறு கதி நேர்ந்தது. கார்ட்டியர் நிறுவனத்தின் வழியாக அவை அமெரிக்கச் செல்வச் சீமாட்டி பார்பரா ஹற்றனை அடைந்தன. 1947இல் புதிய வடிவில் கட்டப்பட்டன. பின்னர் மீண்டும் விற்கப்பட்டுச் சிதறின. முழு நகையைப் பழைய நிழற்படத்தோடு ஒப்பிட்டு அடையாளம் காணலாம். கழற்றி எடுத்த கல்லுக்கு அத்தகைய சாட்சி கிடைப்பது அரிது.

மூன்றாவது கதை சுவீடனில் முடிந்தது. 1918 நவம்பரில் மரியாவின் நண்பரொருவர் இரண்டு தலையணை உறைகளைப் பெற்றோகிராட்டிலிருந்த சுவீடன் தூதரகத்தில் ஒப்படைத்தார். பின்பு ஸ்ரொக்ஹோமுக்கு அனுப்பப்பட்ட அவை, ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து வெளிநாட்டமைச்சின் சேமிப்பில் கண்டெடுக்கப்பட்டன. உள்ளே சிகரெட் பெட்டிகளும் சட்டைக்கைப் பொத்தான்களும் இருந்தன. வாரிசுகளுக்கு அவை திருப்பியளிக்கப்பட்டு, 2009 நவம்பரில் இலண்டன் சொதபிஸ் ஏலத்தில் ஏறத்தாழ 70 இலட்சம் பவுணுக்கு விலைபோயின.

இவற்றின் உண்மையான உரிமையாளர் யார் என்ற வினாவும் எழுகின்றது. 1918இல் சோவியத் அரசு, ரோமனோவ் குடும்பத்தின் சொத்துக்கள் அனைத்தும் அரசுடைமை என அறிவித்தது. பின்னர் தன் வசமிருந்த அரச நகைகளில் ஒரு பகுதியை அது தானே விற்றது; வாங்கியவர்கள் மூலம் அவை 1927இல் இலண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்துக்கு வந்தன. ஒரே வீட்டு நகைகளை ஏதிலியும் விற்றார். அவரை ஏதிலியாக்கிய அரசும் விற்றது. சட்டம் எல்லைக்கு எல்லை வேறுபட்டது. நகை எங்கே இருந்தது என்பதே பெரும்பாலும் உரிமையைத் தீர்மானித்தது.

வழிப்பயணத்துக்கெனத் தாலிக்கொடியை விற்றவர்களும், அடைவுவைத்த காப்பை மீட்க இயலாது போனவர்களும் நம்மிடையே உள்ளனர். அந்நகைகள் எந்த ஏலப்பட்டியலிலும் இடம்பெறப் போவதில்லை. ஆயினும் ஒரு திருமணப் படம், ஓர் அடைவுச் சீட்டு, இது இன்னாருடைய சீதனம் என்று எழுதிய ஒரு கடிதம் ஆகியவை எஞ்சியிருப்பின், அவற்றைப் பேணிப் பிள்ளைகளிடம் கையளித்தல் வேண்டும். பொருள் போனபின்னும் அது யாருடையது எனச் சொல்லக்கூடியவை அவைதாம்.