முத்துக்குளித்துறையில் 'பாடு'

தூத்துக்குடித் திரேஸ்புரம் கரைக்கு அப்பால் கடலிடைத் தீவுகள் சில உள. 1544இல் வடுகர் படைக்கு அஞ்சிய தூத்துக்குடிப் பரதவர் தீவுகளிலே பசித்தும் விடாய்த்தும் வருந்தினர். அவ்வாண்டே குமரிப் பாறைகளில் ஒதுங்கியோர்க்கு இருபது தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்ட சவேரியார், எதிர்க்காற்றால் மீண்டு, பின்னர்த் தரைவழியே சென்றார்.

போர்த்துக்கீசியர் காவலை வேண்டியே இவர்கள் 1536ஐ ஒட்டித் திருமுழுக்குப் பெற்றனர் என்பர். நாமும் அதனை மறுத்திலோம். எனினும், அக்காவல் பொய்த்த பின்னரும் இவர்கள் சமயத்தைக் கைவிட்டாரில்லை. காவல் கருதிக் கொண்ட சமயம் துன்பத்திற்குப் பொருள் காட்டும் சமயமாக மாறத் தொடங்கியது அப்போதே எனக் கருதுகிறோம். 1586இல் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'அடியார் வரலாறு', வேதசாட்சியர் பட்ட பாடுகளை இம்மக்கட்குத் தமிழிலேயே கூறிற்று. கிறித்தவத் தமிழில் 'பாடு' கிறித்துவின் துன்பம். கடற்கரையிலோ, 'மீன்பாடு' என்புழி, வலையில் வந்து படும் பேறு.