பிங்கலரின் கணக்கும் ‘சி’ மொழியும்

கணிப்பொறிக்குரிய ‘சி’ மொழியைப் பயிலத் தொடங்கும் மாணவர் இரு வழிகளைக் கற்கின்றனர். ஒரு செயலை எண்ணி எண்ணித் திரும்பச் செய்வது லூப். ஒரு கணக்கு, தன்னினும் சிறிய அதே கணக்கின் விடைக்காகக் காத்திருப்பது ரிகர்ஷன்.

கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் வெளியிட்ட ‘சி’ நூலின் முதல் அத்தியாயம், இரண்டைப் பன்முறை பெருக்குவதற்கு லூப்பையே கையாளுகிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்டவராகக் கருதப்படும் பிங்கலர், தமது வடமொழி யாப்பு நூலில் இதனை வேறு விதமாகச் செய்தார்.

ஆறெழுத்து அடியில் ஒவ்வோர் எழுத்தும் லகுவாகவோ குருவாகவோ வரலாம், வடிவங்கள் எத்தனை? இரட்டை எண்ணாயின் பாதியாக்கி, ‘இரண்டு’ என்று குறிக்க வேண்டும். ஒற்றையாயின் ஒன்றைக் கழித்து, ‘சூனியம்’ என்று குறிக்க வேண்டும். ஆறு மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகி, ஒழிந்துபோகும். பின்னர் ஒன்றில் தொடங்கி, வந்த வழியே திரும்புகிறோம். சூனியம் கண்டால் இரட்டித்தும், இரண்டு கண்டால் தன்னாலேயே பெருக்கியும் வர, 2, 4, 8, 64. எழுத்து 24 ஆயின் அந்த லூப்புக்கு 24 பெருக்கல், பிங்கலருக்கு ஆறே.

பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் இதற்கு உரை வகுத்தார். ‘சி’ மொழி இதிலிருந்து பிறந்தது என உரிமை பாராட்டுவது மிகையே. ஆயினும் நிலுவையைக் குறித்துவைத்துத் திரும்பும் முறை ஒன்றுதான். 1957-இன் ஃபோர்ட்ரான் ரிகர்ஷனுக்கு இடந்தரவில்லை, 1960-இன் அல்கால் தந்தது, ‘சி’யும் தந்தது. நிலுவைகளைப் பொறி ‘ஸ்டாக்’ என்னும் நினைவிடத்தில் அடுக்குகிறது. நிற்குமிடத்தை மாணவர் எழுத மறந்தால், அடுக்கு நிரம்பி நிரல் நடுவிலேயே முறிந்துவிடுகிறது.