நாகூர்க் கொடி இறங்கினால் ரஜப் பிறை

நாகூர் தர்காவின் கந்தூரி விழா என்றதும் ஐந்து மினாராக்களும் சந்தனக்கூடும் நினைவுக்கு வரும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு நோன்பும் நடக்கிறது. ஃபக்கீர்களில் ஒருவரைப் பீராக, அதாவது ஆன்மிக குருவாக அமர்த்துவார்கள். அவர் மூன்று நாள் யாரோடும் கலவாமல் நோன்பிலும் தியானத்திலும் இருப்பார். சமாதியில் சந்தனம் பூசியபின் ஒரு மாலையில் அவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போவார்கள். பீர் எறியும் எலுமிச்சம்பழத்தில் ஒன்றாவது கையில் விழாதா என்று மதம் பாராமல் சனம் முண்டியடிக்கும்.

இது நடப்பது ஜமாதுல் ஆகிர் மாதத்தில். முதல் பிறையில் ஏறும் கொடி பதினான்கு நாளில் இறங்கிவிடும். அடுத்த இரண்டு வாரத்தில் ரஜப், அதன்பின் ஷஃபான், அதற்கும் பிறகுதான் ரமலான். காவிரிக் கடைமடை முஸ்லிம்களுக்கு நோன்பு மாதம் திடீரென்று வந்து நிற்பதில்லை. அது படிப்படியாக நெருங்கி வருகிறது.

பழைய தலைமுறை மாதங்களுக்கு வைத்திருந்த பெயர்களிலேயே இது தெரியும். அரபிப் பெயரைவிட, அந்தப் பிறையில் என்ன நடக்கும் என்பதே அவர்களுக்கு முக்கியம். முகைதீன் ஆண்டவர் பிறை, நாகூரார் பிறை, விராத்து, நோன்பு, ஆறு நோன்பு, ஹஜ்ஜு என்று சொல்லிக்கொண்டு போவார்கள். ‘விராத்து’ என்பது ஷஃபான் பதினைந்தாம் இரவான பராஅத்தின் தமிழ்வாய்மொழி.

நாகூராரான ஷாகுல் ஹமீது வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்தவர். குவாலியரில் முஹம்மது கௌஸிடம் பயின்று, கடைசியில் நாகூர்க் கரையில் தங்கினார். வாஞ்சூரில் நாற்பது நாள் தனித்திருந்து தவம் செய்தார் என்பது தர்கா மரபு. 1570இல் மறைந்தார். பின்னாளில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தார். அவர் மகன் துளஜா தர்காவுக்கு ஊர்களை மானியமாக எழுதிவைத்தார். நெல் விளையும் ஊர்கள் அவை.

நாகூரார் பிறைக்கு அடுத்து வருவது ரஜப். குர்ஆன் புனிதமாக்கிய நான்கு மாதங்களில் துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம் மூன்றும் வரிசையாக வரும். ரஜப் மட்டும் தனியே நிற்கும். பண்டை அரபுக் குலங்கள் இம்மாதங்களில் போரை நிறுத்திவைத்தன. ரஜப் 27ஆம் இரவை மிஃராஜ் இரவாக, அதாவது நபிகளின் விண்ணேற்ற இரவாகத் தமிழ் முஸ்லிம்கள் கொண்டாடுகிறார்கள். ஆலிப் புலவர் இந்த விண்ணேற்றத்தையே பாடுபொருளாகக் கொண்டு இயற்றிய ‘மிகுராசு மாலை’ 1590இல் கோட்டாற்றில் அரங்கேறியது. நாகூரார் மறைந்து இருபதே ஆண்டுகள்! தெற்கே காயல்பட்டினத்தில் ரஜப் முதல் பிறையிலிருந்து மாதம் முழுக்க நபிமொழித் தொகுப்பான புகாரி ஷரீஃப் ஓதும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்கிறது.

ஷஃபான் புனித மாதங்களின் பட்டியலில் இல்லை. ஆனாலும் ரமலானுக்கு அடுத்தபடி நபிகள் அதிகம் நோன்பு வைத்தது இந்த மாதத்தில்தான் என்று அவர் துணைவியார் ஆயிஷா நாயகியார் அறிவித்திருக்கிறார். விட்டுப்போன ரமலான் நோன்புகளை ஆயிஷா கழித்ததும் ஷஃபானில்தான். இன்றும் கணக்கு வைத்திருக்கும் பெண்கள் இந்த மாதத்தில் பாக்கியைத் தீர்க்கிறார்கள்.

தஞ்சாவூர் - கும்பகோணம் சாலையில் அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, வழுத்தூர், பண்டாரவாடை, ராஜகிரி என்று பள்ளிவாசல் ஊர்கள் அடுத்தடுத்து வரும். இப்படிப்பட்ட ஊர்களில் விராத்து அன்று பிற்பகலிலேயே அடுக்களை சூடேறிவிடும். அரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, ரொட்டி தட்டுவார்கள். தட்டில் ரொட்டியும் வாழைப்பழமும் சேரும். அந்தி நேர மஃரிப் தொழுததும் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மூன்று முறை ஓதுவது வழக்கம்: ஆயுள் நீள ஒன்று, உணவில் பரக்கத்துக்கு ஒன்று, ஈமானோடு வாழ்ந்து முடிய ஒன்று. பாத்தியா ஓதிய ரொட்டி பக்கத்து வீடுகளுக்குப் போகும். ஆண்கள் அடக்கத்தலமான மையத்தாங்கொல்லைக்குப் போய் இறந்தவர்களுக்காகக் கையேந்துவார்கள். விடியலுக்கு முன் சஹர் சாப்பிட்டு மறுநாள் நோன்பு.

இந்த இரவைத் தனியாகச் சிறப்பிக்க வலுவான ஆதாரம் இல்லை என்று வாதிடும் ஆலிம்களும் உண்டு. கந்தூரியையே ஏற்காதவர்களும் உண்டு. அதனால் ரொட்டி தட்டாத வீடுகள் இன்று பெருகியிருக்கின்றன. ஆனால் ஷஃபானில் நோன்பு வைப்பது நபிவழி என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. சடங்கு குறைந்த வீட்டிலும் நோன்பு தங்கிவிட்டது.

இந்த மாதங்களுக்கு டெல்டாவில் இன்னொரு அழகு உண்டு. பிறைக் கணக்கு ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னே நகரும். காவிரிக் கணக்கோ நிலையானது. 1934இல் கட்டிமுடித்த மேட்டூர் அணையில் ஜூன் 12 தண்ணீர் திறப்பு என்பது வழக்கமான தேதி. குறுவை, சம்பா, தாளடி என்ற நெற்பட்டங்கள் எல்லாம் அதையொட்டியே. ஆகவே விராத்து இரவு சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பட்டத்தையும் சுற்றிவந்துவிடும். 2008இல் அது ஆடிக் கடைசியில் வந்தது. 2015இல் ஜூன் தொடக்கத்தில், ஆற்றில் தண்ணீர் வரும் முன்பே வந்துபோனது. 2026இல் தை மாதச் சம்பா அறுவடையோடு சேர்ந்துகொண்டது.

2030இல் விராத்து டிசம்பர் மாதம், கார்த்திகை மழைக்குள் வரும். அப்போது சம்பா வயலில் நிற்கும். ரொட்டிக்கு மாவு பழைய அரிசியில்தான்.